ஹாஸ்பிஸ் பராமரிப்பை எப்போது தொடங்குவது? நெல்லைச் சீமைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"இனிமே இங்க வச்சிருந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நம் பக்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கே வருகின்றன. அந்த நேரத்தில் நோயாளிக்கு மிச்சம் இருப்பது சில நாட்கள். வலிக்கு மருந்து எங்கே கிடைக்கும், புண்ணுக்கு யார் கட்டுப் போடுவார்கள் என்று அலைவதிலேயே அந்த நாட்களும் போய்விடும். இரண்டு மூன்று மாதம் முன்பே எடுக்க முடிகிற முடிவு இது. எதை வைத்து எடுப்பது, யாரிடம் பேசுவது, எடுத்த பிறகு என்னென்ன ஏற்பாடு என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பாலியேட்டிவ் கேர் என்பது வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண், மனக்கலக்கம் இவற்றுக்கான ஆதரவு சிகிச்சை. கீமோ, டயாலிசிஸ் என்று நோய்க்கான வைத்தியம் ஒரு பக்கம் நடக்கும்போதே இதையும் சேர்த்துப் பார்க்கலாம். ஹாஸ்பிஸ் என்பது அதன் கடைசிக் கட்டம்: நோயைத் துரத்துகிற வைத்தியத்தை நிறுத்திவிட்டு, இருக்கிற காலத்தை நோவு இல்லாமல் கழிக்க வைப்பது. அமெரிக்காவில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. நோய் தன் போக்கில் போனால் ஆறு மாதத்துக்குள் உயிர் பிரியும் என்று இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தால்தான் அரசுக் காப்பீடு ஹாஸ்பிஸ் செலவை ஏற்கும். இணையத்தில் படிக்கிற 'ஆறு மாதம்' அங்கிருந்து வந்ததுதான். நமக்கு அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. நம் ஊரில் யாரும் எந்தக் கட்டத்திலும் ஆதரவு சிகிச்சையைக் கேட்டு வாங்கலாம்.

சீக்கிரம் தொடங்கினால் ஆயுசு குறைந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. 2010-ல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. வழக்கமான வைத்தியத்தோடு ஆரம்பத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்கள் கடைசிக்காலத்தில் கடுமையான வைத்தியங்களைக் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மற்றவர்களைவிட இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் இருந்தார்கள். எல்லா நோய்க்கும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. சீக்கிரம் தொடங்கியதால் கெட்டுப்போனது ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

படி 1: கடந்த ஆறு மாதத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள்

தினமும் பக்கத்தில் இருந்து பார்ப்பவர்களுக்குச் சரிவு தெரியாது. அதனால் எழுதிப் பார்க்க வேண்டும். தேதி ஞாபகம் இருக்காது, திருவிழாக்களை வைத்து எழுதுங்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வேனில் வந்து, பொங்கல் பானை பக்கத்தில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணியவர், ஆடி அமாவாசைக்குத் தெரு முனை வரைதான் நடந்தார், இப்போது கக்கூஸுக்குப் போகவே ஒருவர் பிடிக்க வேண்டும் என்றால், அந்த மூன்று வரியே டாக்டருக்கு நிறையச் சொல்லிவிடும்.

நோட்டில் முக்கியமாக இருக்க வேண்டியவை: பகலில் எவ்வளவு நேரம் படுக்கையில் இருக்கிறார்; குளிக்க, உடுக்க, சாப்பிட யார் உதவி வேண்டியிருக்கிறது; ஆறு மாதத்தில் எத்தனை தடவை திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது; ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தபோது பழைய நிலைக்கு வந்தாரா, ஒரு படி கீழே நின்றுவிட்டாரா; எடை எவ்வளவு இறங்கியது. முயற்சி பண்ணாமலே ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை போயிருந்தால் கவனிக்க வேண்டிய விஷயம். எடை மெஷின் இல்லாவிட்டால் பரவாயில்லை. வளையல் முழங்கை வரை ஏறுகிறதா, சட்டை தொளதொளக்கிறதா என்று பார்த்தாலே தெரியும்.

பாலியேட்டிவ் டாக்டர்கள் சொல்கிற ஒரு தோராயக் கணக்கு உண்டு. மாற்றம் மாதத்துக்கு மாதம் தெரிந்தால் மிச்சம் இருப்பது மாதங்கள். வாரத்துக்கு வாரம் தெரிந்தால் வாரங்கள். காலையில் இருந்த மாதிரி சாயங்காலம் இல்லை என்று நிலைமை மாறினால் நாட்கள். ஜோசியம் மாதிரி துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் முடிவெடுக்க இது போதும்.

படி 2: எந்த நோய் என்பதைப் பொறுத்து அடையாளம் மாறும்

புற்றுநோயில் சரிவு ஓரளவு நேர்கோடாக இருக்கும். கடைசி இரண்டு மூன்று மாதத்தில் சட்டென்று இறங்கும். பகலில் பாதிக்கு மேல் படுக்கையிலேயே இருக்கிறவருக்கு அடுத்த ரவுண்டு கீமோவால் பலனைவிடத் தொல்லையே பெரும்பாலும் அதிகம். விதிவிலக்கான புற்றுநோய்கள் உண்டு, அதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். முதல் கீமோவுக்குக் கேட்காமல் இரண்டாவது, மூன்றாவது மருந்தும் கேட்காமல் போய்விட்டது என்றால் ஹாஸ்பிஸ் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதயம் பலவீனமானவர்களும், புகையாலோ ஆஸ்துமாவாலோ நுரையீரல் கெட்டவர்களும்தான் குடும்பத்தை ஏமாற்றுவார்கள். மோசமாவார், ஐ.சி.யூ-வுக்குப் போவார், தேறி வந்து டீ கேட்பார். இந்த ஏற்ற இறக்கத்தில், எந்த இறக்கம் கடைசி என்று டாக்டருக்கே தெரியாது. எல்லா மருந்தும் கொடுத்தும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, ஆறு மாதத்தில் இரண்டு தடவைக்கு மேல் அட்மிட் ஆகிவிட்டார் என்றால் அதுதான் நேரம்.

கிட்னி நோயாளிகளுக்கு முடிவு இன்னும் வெளிப்படையானது: டயாலிசிஸைத் தொடர்வதா, நிறுத்துவதா. சிறுநீரே பிரியாதவர் நிறுத்தினால் ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள். ஈரல் நோயில் வயிற்றில் நீர் திரும்பத் திரும்பக் கோத்துக்கொள்வதும், பேச்சு குழறிப் புத்தி தடுமாறுவதும் அடையாளம். மறதி நோய் முற்றியவர்களுக்கு எழுந்து நடக்க முடியாமல் போவது, பேச்சு ஒன்றிரண்டு வார்த்தையில் நிற்பது, சாப்பாடு புரையேறி நெஞ்சில் சளி பிடிப்பது, படுக்கைப் புண் வருவது. இந்தக் கட்டத்தில் மூக்கு வழியாக ட்யூப் போட்டு ஊட்டினால் ஆயுசு கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் போடுகிறோம், அவர் அதைப் பிடுங்குவார் என்று கையையும் கட்டிவைக்கிறோம்.

படி 3: இது நேரம் இல்லையோ என்றும் சரிபாருங்கள்

வயதானவர் சாப்பிட மறுக்கிறார், பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்பதை மட்டும் வைத்துக் 'காலம் முடிஞ்சிட்டு' என்று தீர்மானிக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, ரத்தச்சோகை, தைராய்டு, பல்வலி, துணை போன துக்கம், இவை எல்லாமே ஆளைச் சாய்த்துவிடும். எல்லாமே சரிசெய்யக்கூடியவை. புற்றுநோயாளிகளுக்கும் ரத்தத்தில் கால்சியம் ஏறினால் திடீரென்று புத்தி மாறாட்டம் வரும், ஊசி போட்டால் தெளிந்துவிடும். இடுப்பு எலும்பு உடைந்த எண்பது வயது ஆச்சிக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று வயதை மட்டும் சொல்லி விட்டுவிடுவது தப்பு. ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் வலி தீரும், உட்கார வைக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து ஆளை 'அனுப்பிவைக்கிற' தலைக்கூத்தல் நம் தென்மாவட்டங்களில் இருந்த வழக்கம். ஹாஸ்பிஸுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சாவை முன்னால் இழுப்பதும் இதில் கிடையாது, பின்னால் தள்ளுவதும் கிடையாது. நோயாளி பாரம் என்று வீட்டில் யாராவது நினைக்கிற இடத்தில், முதலில் அந்தப் பாரத்தைக் குறைக்க ஆள் தேடுங்கள். மற்ற முடிவு அப்புறம்.

படி 4: டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி ஓ.பி-யில் உங்களுக்குப் பின்னால் நூறு பேர் நிற்கும்போது இந்தப் பேச்சு நடக்காது. "தனியா அஞ்சு நிமிஷம் பேசணும் சார், எப்போ வரலாம்?" என்று கேட்டு நேரம் வாங்குங்கள். ஒருவர் மட்டும் போகாதீர்கள், இருவர் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுத வேண்டும்.

"பிழைச்சிருவாரா சார்?" என்று கேட்டால் எந்த டாக்டரும் "பாப்போம்" என்றுதான் சொல்வார். கேள்வியை மாற்றுங்கள். "இந்த வைத்தியத்தோட நோக்கம் குணமாக்குறதா, கொஞ்ச நாள் கூட்டுறதா?" "இதைச் செய்தா எப்படி இருப்பார், செய்யாட்டா எப்படி இருப்பார்?" "உங்க சொந்த அப்பாவா இருந்தா என்ன செய்வீங்க?" இந்தக் கடைசிக் கேள்விக்குப் பல டாக்டர்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து உண்மையைச் சொல்வார்கள். இன்னொன்று, பாலியேட்டிவ் பயிற்சியில் டாக்டர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிற கேள்வி: "இவர் இன்னும் ஒரு வருஷத்துக்குள் இறந்துபோனா நீங்க ஆச்சரியப்படுவீங்களா?" ஆச்சரியப்பட மாட்டேன் என்றால் ஏற்பாடுகளைத் தொடங்கலாம் என்று அர்த்தம்.

படி 5: நோயாளியிடம் பேசுங்கள்

இந்தப் படியைத்தான் நாம் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறோம். "அப்பாட்ட சொல்லிராதீங்க, தாங்க மாட்டாவ" என்று பிள்ளைகள் டாக்டரைக் கெஞ்சுவார்கள். அப்பா தனியாக இருக்கும்போது நர்ஸிடம், "எனக்குத் தெரியும்மா, பிள்ளையள்ட்ட சொல்லாத, அழுவாவ" என்பார். இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டே நடிப்பார்கள். இதில் வீணாகிப் போவது நோயாளியின் நேரம்.

ஒரேயடியாகப் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று முதலில் பாருங்கள். "உங்க உடம்பைப் பத்தி டாக்டர் என்ன சொன்னாருன்னு நினைக்கிய?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பேசினால் பேசட்டும். பேச்சை மாற்றினால் விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். எல்லாம் தெரிய வேண்டும் என்று எல்லோரும் விரும்புவதில்லை, அதுவும் அவருடைய உரிமை. "எனக்கு ஒண்ணும் சொல்லாண்டாம், பெரியவன்ட்ட பேசிக்கிடுங்க" என்றால், பெரியவன் என்ன முடிவெடுத்தாலும் அது அவர் கொடுத்த அதிகாரம்.

பேச முன்வருகிறவரிடம் மூன்றைக் கேளுங்கள். எது ரொம்பப் பயமாக இருக்கிறது? எதை முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறது? எங்கே இருக்க ஆசை? முக்கூடல் பக்கம் பீடி சுற்றிய ஓர் அம்மாவுக்கு வாயில் புற்றுநோய் வந்தது. பிள்ளைகள் மதுரை, திருவனந்தபுரம் என்று அலைந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மா ஏதோ சொல்லவருவார், வாய்ப்புண்ணில் வார்த்தை வராது, வலி என்று நினைத்து ஊசி போடுவார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு சிலேட்டை எடுத்துக் கொடுத்தது. அதில் அவர் எழுதியது பி.எஃப். என்ற இரண்டு எழுத்தும் இளைய மகள் பேரும். பி.எஃப். பணத்துக்கு எப்போதோ இறந்துபோன கணவர் பேர்தான் வாரிசாக இருந்திருக்கிறது. பீடிக் கம்பெனி கணக்கப்பிள்ளையை வீட்டுக்கு வரவழைத்து அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே அந்த அம்மா, இனி எங்கேயும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். அவருக்கு முடிவெடுப்பது கஷ்டமாகவே இல்லை. யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

படி 6: குடும்பத்தைக் கூட்டுங்கள், வெளியூரில் இருப்பவரை முதலில்

நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பம்பாயிலோ, சென்னையிலோ, வளைகுடாவிலோ இருப்பார். ஆறு மாதம் மலம் அள்ளிய மருமகளுக்கு இல்லாத உரிமை, கடைசி வாரம் விமானத்தில் வந்து இறங்குகிற அண்ணனுக்கு வந்துவிடும். "ஏன் சும்மா வச்சிருக்கிய? மெட்ராஸுக்குக் கொண்டு போங்க, நான் பணம் தாரேன்." குற்ற உணர்ச்சிதான் அப்படிப் பேச வைக்கிறது. அதனால் அவரைக் கடைசியில் தெரிந்துகொள்கிறவராக வைக்காதீர்கள். வீடியோ காலில் நோயாளியை வாரம் ஒருமுறை காட்டுங்கள். டாக்டரைப் பார்க்கும்போது அவரையும் ஸ்பீக்கரில் போடுங்கள். முடிந்தால் இப்போதே ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், பேச்சு இருக்கும்போது.

'காசுக்குப் பாத்துட்டு விட்டுட்டான்' என்ற ஊர்ப்பேச்சுக்குப் பயந்து வயலை அடமானம் வைக்கிறவர்களையும் பார்க்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வருஷத்துக்கு 5 லட்சம் வரை உதவும். ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கிற சிகிச்சைகளுக்குத்தான். வீட்டில் ஆகும் டயப்பர், ஏர் பெட், ஆள் கூலி எல்லாம் கையில் இருந்துதான் போக வேண்டும். அதற்கென்று கொஞ்சம் ஒதுக்கிவைத்த பிறகே மற்றச் செலவைப் பேசுங்கள்.

டவுனில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வீட்டுக்காரர் 'இங்க வச்சு எதுவும் நடக்கப்படாது' என்பார். சொல்லாவிட்டாலும் முகம் சொல்லும். கடைசி நேரத்தில் ஆட்டோவில் ஏற்றுவதைவிட, உட்கார முடிகிறபோதே ஊர் வீட்டுக்கு மாறுவதா என்று பேசி முடித்துவிடுங்கள்.

படி 7: யாரைக் கூப்பிடுவது

நம் பக்கத்தில் ஹாஸ்பிஸ் என்றால் பெரும்பாலும் வீடுதான். கட்டிடம் தேடி அலைய வேண்டாம், வீட்டுக்கு வருகிற ஆளைத் தேடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைச் சுகர், பிரஷர் மாத்திரைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் தருவது அதில் அடக்கம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, மாத்திரை கொண்டு வருகிற தன்னார்வலர் அக்காவிடமோ போய், "எங்க வீட்டில் படுக்கையில் நோயாளி இருக்கிறார், பாலியேட்டிவ் நர்ஸ் வர வேண்டும்" என்று பேர் பதியச் சொல்லுங்கள். சும்மா 'உடம்பு சரியில்லை' என்றால் மாத்திரையோடு போய்விடுவார்கள். வழி தெரியாவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

டாக்டர் பார்க்க வேண்டிய சிக்கல்களுக்குப் பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்தார் 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு தென்காசித் தலைமை மருத்துவமனையில் முதலில் கேட்கலாம். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையில் வைத்தியம் பார்த்தவர்கள் கடைசி விசிட்டிலேயே, உள்ளூர் டாக்டருக்கு மருந்து விவரத்தோடு ஒரு கடிதம் எழுதி வாங்கி வாருங்கள். வலி கூடிய பிறகு நோயாளியை மறுபடி பஸ்ஸில் ஏற்ற முடியாது.

வீட்டில் பார்க்கவே ஆள் இல்லை, வலியும் அடங்கவில்லை என்றால் தங்கிப் பார்க்கிற ஹாஸ்பிஸ் இல்லங்களைத் தேடலாம். இந்தியாவில் முதலாவது 1986-ல் பம்பாயில் தொடங்கியது. சேர்க்கும் முன் ஒருமுறை நேரில் போய், கடும் வலிக்கான மார்பின் மருந்து இருக்கிறதா, ராத்திரி நர்ஸ் உண்டா, வீட்டார் கூட இருக்கலாமா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் 'உண்டு' என்றால்தான் அது ஹாஸ்பிஸ். இல்லாவிட்டால் முதியோர் இல்லம்.

படி 8: மார்பினை முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள்

கடும் வலிக்கு மார்பின் மாத்திரைதான் அடிப்படை மருந்து. விலையும் குறைவு. அதற்கான அபினை நம் நாட்டிலேயே அரசு அனுமதியோடு பயிரிடுகிறார்கள். ஆனாலும் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மருந்துக்கடைகளும் ஆஸ்பத்திரிகளும் அதைத் தொடவே பயந்தன. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதானது. இப்போதும் எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் டாக்டர் சீட்டின் பேரில் கிடைக்கும். அதனால்தான் 'வலி வந்த பிறகு பாத்துக்கிடலாம்' என்பது வேலைக்கு ஆகாது.

சாதாரண மார்பின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலிக்காகக் காத்திருக்காமல், மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் கட்டாயம் வரும், முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்த்து எழுதியிருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள். முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு பழகிவிடும். கிட்னி கெட்டவர்களுக்கு அளவோ மருந்தோ மாறும். டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது, பூட்டி வைக்க வேண்டும். வலிக்காகச் சரியான அளவில் எடுப்பவர் அடிமையாவார், சீக்கிரம் இறப்பார் என்ற பேச்சு ஊரில் இருக்கிறது. மெடிக்கல்காரரே சொல்வார். நம்ப வேண்டாம்.

படி 9: வீட்டைத் தயார்செய்வது

கட்டிலைப் பட்டாசலில், அதாவது முன்கூடத்தில் போடுங்கள். உள்ளறையில் போட்டால் நோயாளி சுவரைத்தான் பார்ப்பார். பட்டாசலில் தெருவும் தெரியும், வருகிற போகிறவர் குரலும் கேட்கும், கவனிப்பவருக்கும் எழுந்து எழுந்து ஓடுகிற வேலை மிச்சம். ஏர் பெட் வாங்குங்கள், ஆனால் அதைப் போட்டுவிட்டோம் என்று சும்மா இருந்தால் புண் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். புற்றுநோய்ப் புண்ணில் வீச்சம் அடித்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொல்வார்கள், நர்ஸைக் கேட்டுச் செய்யுங்கள். அந்த வீச்சம் போனாலே பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வருவார்கள். மூச்சு முட்டுகிறவருக்குத் தலைமாட்டை உயர்த்தி, முகத்துக்கு நேராக ஒரு டேபிள் ஃபேன். சில சமயம் ஆக்சிஜனைவிட அது உதவும்.

பார்த்துக்கொள்பவர் ஒருவரே என்றால் ஒரு மாதத்தில் அவரும் படுத்துவிடுவார். ராத்திரிக்கு முறை வையுங்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர் ஆரஞ்சுப்பழம் வாங்கி வருவதற்குப் பதில் ஒரு மத்தியானம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். அதை வாய்விட்டே கேளுங்கள், மைனியோ சித்தியோ தப்பாக நினைக்க மாட்டார்கள்.

படி 10: எதை நிறுத்துவது, எதை எழுதிவைப்பது

கொழுப்பு மாத்திரை, விட்டமின், மாதாமாதம் எடுக்கிற ரத்தப் பரிசோதனை, இவற்றில் எது இனி தேவை என்று டாக்டரிடம் பட்டியலைக் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். சுகர் கட்டுப்பாட்டையும் இந்தக் கட்டத்தில் தளர்த்துவார்கள். ஆசைப்பட்டால் ஒரு வாய் பதநீர் குடிக்கட்டும்.

எழுதிவைப்பதற்குச் சட்டம் இடம் தருகிறது. கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. பதினெட்டு வயது நிரம்பி, சுயநினைவோடு இருக்கிற யாரும், வென்டிலேட்டர் போன்றவை தனக்கு வேண்டாம் என்று இரண்டு சாட்சிகளோடு எழுதி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திடலாம். தன்னால் சொல்ல முடியாதபோது யார் பேசுவார் என்ற பெயரும் அதில் வேண்டும். ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே போட்ட வென்டிலேட்டரை எடுப்பதற்கு இரண்டு மருத்துவக் குழுக்களின் ஒப்புதல் தேவை.

ஐ.சி.யூ-வில் நம் ஊரில் நடப்பது வேறு. 'எங்க பொறுப்பில் கூட்டிட்டுப் போறோம்' என்று கையெழுத்துப் போட்டு, ஆம்புலன்ஸில் ஒருவர் மூச்சுக்காற்று கொடுக்கிற 'ஆம்பு' பையைக் கையால் அமுக்கிக்கொண்டே வந்து, வீட்டு வாசலில் ட்யூபை உருவுவார்கள். வலி மருந்தும் இல்லை, மூச்சுக்கு மருந்தும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோகும் முடிவு சரியாகவே இருக்கலாம், முறைதான் கொடுமை. வீடு என்று முடிவானால் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். மார்பின், சளி வற்ற மருந்து, பதற்றத்துக்கு மருந்து, வீட்டில் பார்க்கப்போகிற நர்ஸின் எண், இவை கையில் வந்த பிறகு கிளம்புங்கள்.

எடுத்த முடிவைத் திரும்பவும் மாற்றலாம். வீட்டுக்கு வந்து தேறி உட்கார்ந்துவிட்டால் மறுபடி டாக்டரைப் பார்ப்பதில் தடை ஒன்றும் இல்லை.

படி 11: கடைசி நாட்கள்

சாப்பாடு குறையும், பிறகு நிற்கும். உடம்பு மூடிக்கொண்டு வருவதால் பசி போகிறது, பட்டினியால் அவர் சாகவில்லை. இந்த நேரத்தில் க்ளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொல்லி எல்லோரும் நெருக்குவார்கள். ஏற்றிய நீர் கால் வீங்கவும் நெஞ்சில் கோக்கவும்தான் பெரும்பாலும் போகும். ஈரப்பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிடுங்கள், தாகத்துக்கு அது போதும்.

கை கால் குளிரும், தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும், மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில் கொரகொரவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கிற நமக்குத்தான் வேதனை, நினைவு மங்கிய அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் குறையும்.

பால் ஊற்றுகிற வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சொந்தபந்தம் வரிசையாக நின்று ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினால் விழுங்க முடியாதவருக்கு அது நெஞ்சுக்குள் போய் மூச்சை அடைக்கும். வழக்கத்தை விட வேண்டாம், கரண்டியை விடுங்கள். விரலைப் பாலிலோ தாமிரபரணித் தண்ணீரிலோ நனைத்து உதட்டில் தொட்டு வையுங்கள். பெரியவர்கள் இதை ஏற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பாதிரியாரோ கலிமா சொல்லித் தருபவரோ வர வேண்டும் என்றால், நினைவு இருக்கும்போதே வரச் சொல்லிவிடுங்கள்.

மூச்சு நின்றதும் 108-ஐக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. எதிர்பார்த்த மரணம். பார்த்துவந்த டாக்டரையோ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையோ அழைத்து, இறப்புக்கான காரணத்தை எழுதி வாங்குங்கள். டாக்டர் யாரும் முன்பே பார்த்திராத வீடுகளில்தான் இந்தச் சான்றுக்கு இழுபறி ஆகும். அமரர் ஊர்தி கிடைக்குமா என்று 155377-ல் கேட்டுப் பாருங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், அதற்குப் பிறகு தாமதக் கட்டணமும் அலைச்சலும். மிச்சம் இருக்கிற மார்பின் மாத்திரைகளை எண்ணி, வாங்கிய ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுங்கள். ஏர் பெட் நல்ல நிலையில் இருந்தால் உங்கள் பகுதி பாலியேட்டிவ் நர்ஸிடம் சொல்லிவையுங்கள், அடுத்து யாருக்குத் தேவை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.